வீடெல்லாம் ஒரே பாட்டு: வயர்லெஸ்ஸில் கேட்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடிவீடு, கும்பகோணம்:

அப்பா கேசட்டில் சேர்த்து வைத்திருந்த நாகஸ்வரக் கச்சேரிகளை ஒருவழியாகக் கணினியில் ஏற்றியாயிற்று. கணினி இருப்பது மாடி அறையில், கேட்கிறவர்கள் இருப்பது கீழே. அம்மா அடுக்களையில், அப்பா கூடத்தில், சாயங்காலமானால் இரண்டு பேரும் திண்ணையில். கீழ் வீடு பழைய சுண்ணாம்புச் சுவர். துளை போட்டால் பொலபொலவென்று உதிரும், அதனால் ஒயர் இழுக்கிற பேச்சே இல்லை. மூன்று இடத்திலும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

புளூடூத் இதற்கு ஆகவே ஆகாது. ஒரு கணினிக்கு ஒரு ஸ்பீக்கர் என்ற ஏற்பாட்டுக்காக வந்த சங்கதி அது. பத்து மீட்டர் என்பதும் திறந்த வெளிக் கணக்கு. நடுவில் மாடித் தளம் வந்ததும் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். வைஃபைதான் வழி.

வைஃபையில் பாட்டு போய்ச் சேர்வதில் கஷ்டமே இல்லை. எல்லாப் பெட்டியிலும் ஒரே கணத்தில் ஒலிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனி கடிகாரப் படிகம் இருக்கிறது, எந்த இரண்டும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு மணி நேர ஆலாபனையில் அது 0.18 விநாடியாகச் சேர்ந்துவிடும். பேச்சில் 30, 40 மில்லிவிநாடி தாண்டினாலே குரல் இரட்டையாகக் கேட்கும். தவில் மாதிரி வெட்டி விழுகிற ஓசையில் அதற்கும் முன்பே காது கண்டுபிடித்துவிடும். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருக்கிற நிலைப்படியில் நின்று கேட்டுப் பாருங்கள், இரண்டு தவில்காரர்கள் முன்னும் பின்னுமாக வாசிப்பது போல இருக்கும்.

அதனால் நான் ஸ்னாப்காஸ்டுக்கு வந்தேன். இலவச மென்பொருள். கணினி ஒவ்வொரு ஒலித்துண்டின் மேலும் நேரத்தைக் குறித்து அனுப்பும். அந்தந்த இடத்துப் பெட்டி தன் கடிகாரத்தைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, குறித்த நேரத்தில்தான் அந்தத் துண்டை ஒலிக்கும். தன் கடிகாரம் முந்தினாலோ பிந்தினாலோ காதுக்குத் தெரியாத அளவுக்கு ஓரிரு சாம்பிளைக் (ஒலியின் மிகச் சிறிய துளியை) கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளும். இதற்காக ஒரு விநாடி அளவுக்குப் பாட்டைக் கையிருப்பில் வைத்திருக்கும், ஆகவே பொத்தானை அழுத்திய பிறகு கொஞ்சம் பொறுக்க வேண்டும். கீழே மூன்று இடத்திலும் ஆளுக்கொரு ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினி, அதன் மேல் டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றுகிற ஒரு சின்ன டாக் போர்டு, பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். அவ்வளவுதான்.

ஓர் இடத்தை மட்டும் கவனியுங்கள். பாட்டை எடுத்துக் கொடுக்கிற எம்பிடி என்ற மென்பொருளிலும் ஸ்னாப்காஸ்டிலும் சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்ற எண், ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்னாப்காஸ்ட் தானாக எதிர்பார்ப்பது 48000. எங்கள் பதிவுகள் சிடி அளவான 44100. அதை மாற்றாமல் அப்படியே ஸ்னாப்காஸ்டுக்கு அனுப்பினால் பாட்டு வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். முதல் நாள் ராகம் தொடங்கி நாலு பிடி வாசிப்பதற்குள் அப்பா கையைத் தூக்கிவிட்டார். "என்னப்பா இது, சுருதி ஏறிக் கிடக்கு? இது ரெண்டு கட்டை நாயனம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48000ஐ 44100ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுருதி ஏற்றம். இரண்டு கட்டை, இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் போய் எங்கேயும் ஒட்டாமல் நின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணை எழுதியதும் நாயனம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. எண்பதை நெருங்குகிற காது அதை நான்கு பிடியில் சொன்னதில் எனக்கு அத்தனை பெருமை.

—

ஸ்காபரோ வாசி, டொரொன்டோ:

வாசிக்கச் சந்தோஷமாய் இருக்குது. எங்கட வீடு மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான், அதால வைஃபைக்குச் சுவர் ஒரு பிரச்சினையே இல்லை. பேஸ்மென்டில சூடாக்கிக்குப் பக்கத்தில ஓடுற தகரக் குழாய்கள்தான் சிக்னலை மறிக்குது. ஸ்பீக்கரை ரவுட்டர் இருக்கிற பக்கமாய் வைச்சால் சரி.

நான் பாவிக்கிறது ஆப்பிளின்ர ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், பழைய சாமான் கடையில வாங்கினது. 2004இல முதல் வந்த சாமான் இது. சின்ன வெள்ளைப் பெட்டி, அதில ஒரு ஆடியோ ஓட்டை. அந்த ஒரே ஓட்டையில சாதாரண வயரும் போகும், ஒப்டிக்கல் வயரும் போகும். ஐடியூன்ஸில இருந்து வீட்டு ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்புற ஏர்டியூன்ஸ் இதோடதான் வந்தது. 2010இல அதுக்கு ஏர்பிளே எண்டு பேர் மாத்தினவை. 2018இல ஏர்போர்ட் பெட்டிகளை நிப்பாட்டிப் போட்டினம். ஆனால் அதே வருசம் 2012ஆம் ஆண்டு மாடலுக்கு, பல இடத்தில ஒண்டாய்ப் பாட விடுற ஏர்பிளே 2 வந்தது. அதால அந்த மாடலைத் தேடித்தான் வாங்கினேன். இப்ப குசினியிலும் ஹோலிலும் ஒண்டாய்ப் பாடுது.

மாக்கில எந்தச் செயலியின்ர சத்தத்தையும் அனுப்ப ஏர்ஃபோயில் எண்ட மென்பொருள் இருக்குது. வானொலி கேக்க எனக்கு அதுதான். பழைய ஏர்பிளேயில ரெண்டு விநாடி மட்டில பிந்தும். பாட்டுக்கு அது பரவாயில்லை, படம் பாக்கேக்கை வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

—

வாடகைக் குடித்தனம், சென்னை:

எங்களுக்கு ஒரு ரூம்தான் கணக்கு. லேப்டாப்பில் பாட்டு ஃபைலை ரைட் கிளிக் செய்து டிவிக்கு அனுப்பிவிடுவேன், வீட்டு நெட்வொர்க்கில் பாட்டும் படமும் அனுப்புகிற டிஎல்என்ஏ என்ற முறை வழியாகப் போகும். ஒரு ஸ்பீக்கர் போதும் என்பவர்களுக்கு இதற்கு மேல் செலவே வேண்டாம். இரண்டு இடத்தில் ஒன்றாகப் பாட வைக்கத்தான் இது உதவாது.

ஒரு சந்தேகம். புதிதாக வாங்கிய வைஃபை ஸ்பீக்கர் போனில் தெரிகிறது, லேப்டாப்பில் தெரிய மாட்டேன் என்கிறது. இரண்டும் ஒரே வீட்டு வைஃபைதான். யாராவது சொல்லுங்களேன்.

—

கேபிள் அண்ணன், கோவை:

நெட்வொர்க் வேலைதான் எனக்குத் தொழில், இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருதுங்க. ஸ்பீக்கர் "நான் இங்க இருக்கேன்"னு வீட்டுக்குள்ள 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 போர்ட்டில் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் ஒரே நெட்வொர்க்குக்குள்ளதான் கேட்கும். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் கேட்காது. ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபையில் இருக்கிற கருவிகளை ஒன்றோடொன்று பேச விடாத அமைப்பு) ஆன் ஆகியிருந்தாலும் கேட்காது. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால நீங்க இன்னொரு ரவுட்டர் மாட்டியிருந்தா, வீட்டுக்குள்ளயே ரெண்டு நெட்வொர்க் ஆயிடும். போன் ஒன்றில், லேப்டாப் ஒன்றில். ரெண்டோட ஐபி முகவரியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் ஆரம்பிச்சா அதுதான் கோளாறு. ரெண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துங்க, அப்ப அது தனி நெட்வொர்க் போடாம வைஃபை மட்டும் கொடுக்கும். விண்டோஸில் நெட்வொர்க் வகை பப்ளிக்னு இருந்தா பிரைவேட்னு மாத்திடுங்க.

பாட்டு விட்டுவிட்டு வருதுன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டு இருக்கிற கணினியையாவது ரவுட்டரோட ஒயரில் இணைங்க. கணினியும் வைஃபை, ஸ்பீக்கரும் வைஃபைன்னா ஒவ்வொரு துண்டும் காற்றில் ரெண்டு தடவை போகணும். சிடி தரத்துக்கு ஒரு ஸ்பீக்கருக்கு விநாடிக்கு 1411 கிலோபிட், மூணு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ நாலேகால் மெகாபிட். எண்ணிக்கையில் பெருசில்ல. ஆனா அபார்ட்மென்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் அத்தனையும் வரிசையில் நிக்குது. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45லதான் ஓடுது. அடுக்களை ஸ்பீக்கர் மட்டும் சாப்பாடு சூடு பண்ற நேரத்தில் திக்கினா சந்தேகமே வேண்டாம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. அதுக்குச் சுவரைத் துளைக்கிற சக்தி கம்மி, அதனால ரவுட்டர் கொஞ்சம் பக்கத்தில் இருக்கணும்.

மாடிவீடு சார், பை ஜீரோவில் வைஃபையோட வந்த ஜீரோ டபிள்யூவுக்கு 2.4 மட்டும்தான். ஜீரோ 2 டபிள்யூவும் அப்படித்தான். உங்க தெருவில் நெரிசல் இல்லாததால ஓடுது.

—

வாடகைக் குடித்தனம், சென்னை:

அண்ணா, ரெண்டு ரவுட்டர்தான்! மோட் மாற்றியதும் லேப்டாப்பில் ஸ்பீக்கர் வந்துவிட்டது. ரொம்ப நன்றி.

—

பழைய பெட்டி, சிங்கப்பூர்:

ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டியை யாரும் சொல்லாமல் இருக்கிறீர்களே. கணினியில் இருக்கிற பாட்டை ஹாலில் கேட்பது என்ற எண்ணத்தை எனக்குக் காட்டியதே அதுதான். ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் 2001இல் இந்த வரிசையின் முதல் பெட்டியைக் கொண்டுவந்தது. 2006இல் அந்த நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது, 2012இல் அந்த வரிசையை நிறுத்தியது. 2024இல் இணையத்தில் இருந்த அதன் சேவைத் தளமும் மூடப்பட்டது. என் வீட்டுப் பெட்டி இன்றைக்கும் காலையில் பாடுகிறது. காரணம், அதை நடத்துகிற சர்வர் மென்பொருள் என் கணினியிலேயே இருக்கிறது, மூலநிரலும் திறந்தது. பயனர்களே அதைக் கையில் எடுத்து லிரியன் என்ற பெயரில் வளர்த்துவருகிறார்கள்.

இதே வீட்டில் படுக்கையறைக்கு வேறொரு கம்பெனியின் அழகான ஸ்பீக்கர் வாங்கினேன். அதன் செயலியை அவர்கள் கைவிட்டதும் வாய் மூடிவிட்டது. கோன் கிழியவில்லை, ஆம்ப் எரியவில்லை. பேச வேண்டிய சர்வர் எங்கோ அணைந்துவிட்டது, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டால் என் கணினியில் இருக்கிற பாட்டு இதில் பாடுமா? பாடாது என்றால் ஒலி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

—

மாடிவீடு, கும்பகோணம்:

பழைய பெட்டி ஐயா சொன்னது எங்களுக்கும் பொருந்தும். புயல் மழையில் இணையம் போய்விடும், பாட்டு நிற்பதில்லை. கரண்ட் கட்டுக்கு ரவுட்டரையும் கணினியையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறேன். ஆனால் திண்ணைப் பிளக்குக்கு இன்வெர்ட்டர் இல்லை. திடீர் திடீரென்று கரண்ட் போனால் அங்கே இருக்கிற ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு கெட்டுவிடாதா?

—

பழைய பெட்டி, சிங்கப்பூர்:

கெட வாய்ப்பு உண்டு தம்பி. திண்ணைக்கு மட்டும் பைகோர்பிளேயர் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். கார்டிலிருந்து ஒருமுறை படித்து நினைவகத்தில் ஏறிக்கொள்ளும், அதன் பிறகு கார்டைத் தொடுவதில்லை. ஆனால் அது லிரியன் பக்கத்து ஆள், உங்கள் ஸ்னாப்காஸ்டோடு தானாகச் சேராது. ஸ்னாப்காஸ்டையே வைத்துக்கொள்வதென்றால் ராஸ்பெரி பை அமைப்புகளில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். எழுதுவதெல்லாம் நினைவகத்தோடு போய்விடும், கார்டு தப்பிக்கும். முதலில் சுருதியையும் ஒலியளவையும் சரிபார்த்து முடித்துவிட்டு, கடைசியாக அதை ஆன் செய்யுங்கள். பிறகு மாற்றுவதெல்லாம் அடுத்த கரண்ட் கட்டோடு மறைந்துவிடும்.