மார்க்கம் வீட்டுக்கு எந்தப் பற்றரி ஸ்னோ புளோவர் பொருந்தும்? வாசலில் விழும் பனி வரம்பில் இயந்திரம் நின்றுவிடுகிறது

கேள்வி – மார்க்கம், ஒன்ராறியோ

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு டவுன்ஹவுஸிலிருந்து தனி வீட்டுக்குக் குடிவந்தோம். இரண்டு கார்கள் அருகருகே நிற்கக்கூடிய எங்கள் டிரைவ்வே 6 மீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் உடையது. வீதியின் பனியை வழிக்கும் வண்டி கடந்து போகும்போது வாசலை மறித்துக் குவித்துவிட்டுப் போகும் பனியை என் அப்பா "வரம்பு" என்றுதான் சொல்லுவார். வயல் வரம்பைப் போலவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது கிடக்கும்.

அப்பாவுக்கு 68 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் பனி அள்ளவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நான் விடியற்காலை வேலைக்குப் புறப்பட்ட பின்னர் அவர் மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறார். அதனால் இந்தக் குளிர்காலத்துக்கு முன் பனியை அள்ளி எறியும் இயந்திரம் (ஸ்னோ புளோவர்) ஒன்றை வாங்கியே ஆகவேண்டும். பெற்றோல் வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாது, கயிற்றை இழுத்து இயக்குவதும் இயலாது என்பதால் பற்றரியில் ஓடுவதையே தேடுகிறேன்.

சென்ற பெப்ரவரியில் மைத்துனரின் 40 வோல்ட் இயந்திரத்தை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். டிரைவ்வேயின் பாதியை நன்றாகவே வழித்தது. வரம்புக்குள் நுழைத்தபோது உறுமிவிட்டு நின்றது. பற்றரியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. முதல்நாள் இரவே முழுதாக சார்ஜ் செய்து கராஜில் வைத்திருந்த பற்றரி அது. பற்றரி பழுதா, இயந்திரத்துக்கு வலுப் போதாதா? 80 வோல்ட் வாங்கினால் தீருமா? புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்த 56 வோல்ட், 5 ஆம்ப்-மணிப் பற்றரி ஒன்று என்னிடம் உண்டு. அதைப் பயன்படுத்த முடிந்தால் நல்லது.

மறுமொழி – ஸ்காபரோ

வணக்கம் தம்பி. எங்கள் வீட்டில் 21 அங்குல அகலத்துக்கு வழிக்கும் ஒற்றை நிலை (single-stage) இயந்திரம் நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்காபரோவின் பெரும்பாலான தெருக்களில் அந்த வரம்பை ரொறன்ரோ நகரசபை வண்டியே வந்து திறந்துவிடுவதால், என் இயந்திரம் தூள் பனியோடு மட்டும்தான் மல்லுக்கட்டுகிறது. உங்கள் வாசலுக்கு அந்தச் சேவை கிடைக்காவிட்டால் என் அனுபவத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

மறுமொழி – ஒட்டாவா

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, தம்பி. இயந்திரத்தைத் தேர்வதற்கு டிரைவ்வேயின் பரப்பளவைவிட அந்த வரம்புதான் முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 72 சதுர மீற்றரில் 15 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் ஏறத்தாழ 11 கன மீற்றர். புட்டு மாவைப் போல உதிரும் உலர்பனி கன மீற்றருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும் என்பதால் மொத்தம் ஒரு தொன்னைச் சற்றே தாண்டும். வரம்போ 6 மீற்றர் நீளம், ஒரு மீற்றர் தடிப்பு, 40 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்தால் 2.4 கன மீற்றர்தான். ஆனால் வண்டி நசுக்கித் தள்ளிய அந்தப் பனி உப்பும் சேறும் கலந்து கன மீற்றருக்கு 450 கிலோவைத் தொடலாம். அதுவும் ஒரு தொன்னுக்கு மேல் வந்துவிடுகிறது. டிரைவ்வே முழுவதும் பரந்து கிடக்கும் பாரத்தை ஒரே கீற்றில் கட்டியாக வைத்து இயந்திரத்திடம் கொடுக்கிறீர்கள்.

மைத்துனரின் பற்றரி பழுது என்று நான் நினைக்கவில்லை. லிதியம் பற்றரி குளிரும்போது அதன் உள்தடை ஏறுகிறது. கட்டிப் பனி மோட்டாரை மறிக்கும்போது அது பெரும் மின்னோட்டத்தைக் கேட்க, குளிர்ந்த பற்றரியின் வோல்ட் திடீரென்று விழுகிறது. பற்றரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை உடனே இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. நீங்கள் கண்ட சிவப்பு விளக்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். பற்றரியை வீட்டுக்குள், சமையலறை அலமாரி போன்ற இடத்தில் வைத்திருந்து, வெளியே இறங்கும்போதுதான் பொருத்த வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பற்றரியை சார்ஜ் செய்யவே கூடாது; உள்ளே உலோக லிதியம் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். வேலை முடிந்து உள்ளே கொண்டுவந்த பின்னரும் அது அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

அடுத்தது வோல்ட். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் முழு சார்ஜின் உச்ச அளவு; 56 என்பது நடைமுறையில் 50.4, 80 என்பது 72. வோல்ட்டை மட்டும் பார்த்து ஒப்பிடுவது வீண் வேலை. வோல்ட்டை ஆம்ப்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணியைப் பாருங்கள். 80 வோல்ட், 2.5 ஆம்ப்-மணிப் பற்றரியில் இருப்பது 200 வாட்-மணி. உங்களிடம் உள்ள பற்றரியில் 280. ஆனால் சில இயந்திரங்கள், ஈகோ நிறுவனத்தின் 21 அங்குலம் உட்பட, இரண்டு பற்றரிகளை ஒருசேரக் கேட்கும். டோரோவின் 60 வோல்ட் 21 அங்குலமோ ஒன்றில் ஓடும். நிறுவனத்துக்கு நிறுவனம் பற்றரியின் வடிவமும் வேறு. எனவே உங்கள் பற்றரி பொருந்துமா, அது ஒன்றே போதுமா என்ற இரண்டையும் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

மறுமொழி – மிசிசாகா

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒற்றை நிலை இயந்திரத்தில் ரப்பர் துடுப்புகளே தரையைத் தொட்டு, பனியை அள்ளி, குழாய் வழியே எறிந்தும் விடுகின்றன. தார் போட்ட டிரைவ்வேயை அது துடைத்து வைத்தாற்போல் வழிக்கும். இரட்டை நிலையில் இரும்புத் திருகு பனியை நறுக்கி உள்ளே இழுக்க, பின்னால் உள்ள விசிறி அதை எறிகிறது. வாய் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால் மெல்லிய பனிப்படை எஞ்சும், அதற்கு உப்புத் தூவ வேண்டியிருக்கும். டிரைவ்வே ஓரங்களில் இன்டர்லாக் கல் எழும்பியிருந்தால், கீழே உள்ள சறுக்குக் கட்டைகளை ஓரளவு இறக்கி, வாயை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே எறிவீர்கள் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். அனுமதியின்றி வீதியில் பனியைத் தள்ளுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். இரு பக்கமும் அயலவர் டிரைவ்வே என்றால், குழாயை ஓடும்போதே திருப்பக்கூடிய கைப்பிடி அருகில் உள்ள இயந்திரம்தான் உதவும்.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. எங்கள் வாசலை நாங்களேதான் திறக்க வேண்டும். ஒரு பக்கம் புல்தரை இருப்பதால் எறிய இடம் உண்டு. இரட்டை நிலை இயந்திரம் விலையிலும் எடையிலும் மற்றதைப் போல் இரு மடங்கு வருகிறது. அவ்வளவு பாரமானதை அப்பாவால் திருப்ப முடியுமா என்பதுதான் என் தயக்கம். 21 அங்குலத்தை வாங்கி, வரம்பைச் சிறிது சிறிதாகக் கடித்து எடுத்தால் ஆகாதா?

மறுமொழி – ஒட்டாவா

ஆகும், நீங்களே செய்வதானால். அப்பா செய்வதானால் ஆகாது. ஒற்றை நிலை இயந்திரத்துக்கு ஓட்டும் சக்கரம் பெரும்பாலும் இல்லை. துடுப்பு தரையைக் கவ்வுவதால்தான் அது முன்னேறுகிறது. வரம்பில் துடுப்பு தரைக்கு எட்டாமல் போகும்போது, தள்ளுவதும் இழுத்துத் திரும்பக் குத்துவதும் மனிதனின் நெஞ்சும் தோளும்தான். மருத்துவர் தடுத்தது அந்த உழைப்பையே அல்லவா? இரட்டை நிலையில் சக்கரமே மோட்டாரால் ஓடுகிறது, பின்னோக்கியும் வரும். பாரம் கூடினாலும் அவர் பின்னால் நடந்தால் போதும்.

மறுமொழி – பிரம்டன் (தாதி)

தம்பி, அவசரப் பிரிவில் வேலை செய்பவள் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன். குழாயில் ஈரப்பனி அடைத்துக்கொண்டால் கையை விடவே கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். விசையை விட்ட பிறகும் விசிறி சற்று நேரம் சுழலும்; அடைப்பு விடுபடும் கணத்தில் அது துள்ளவும் கூடும். பற்றரியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் துடுப்பால் மட்டும் கிளறட்டும். பனி விழும் முன் குழாயின் உட்புறத்தில் சிலிக்கன் ஸ்பிரே அடித்தால் ஒட்டுவது குறையும். நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ எந்த இயந்திரமானாலும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து 911ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நேற்றுக் கடைக்கு அப்பாவையும் அழைத்துச் சென்றேன். காட்சிக்கு வைத்திருந்த 24 அங்குல இரட்டை நிலை இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்து, முன்னும் பின்னும் மூன்று முறை நடத்திப் பார்த்தார். இரு கையையும் விட்டதும் அது நின்றுவிட்டதைக் கண்டபின்தான் அவர் முகம் தெளிந்தது. என் 56 வோல்ட் பற்றரி அதில் பொருந்துகிறது. ஆனால் அது இரண்டைக் கேட்பதால், அதனோடு வரும் 7.5 ஆம்ப்-மணி இரட்டைப் பற்றரியையே பயன்படுத்தி, பழையதை மேலதிகமாக வைத்துக்கொள்வோம். கல்லோ உறைகட்டியோ சிக்கினால் திருகைக் காப்பாற்றத் தான் முறிந்துபோகும் ஷியர் பின் ஒரு சோடியும் வாங்கினேன். சார்ஜரைச் சமையலறையில் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் பொருத்தியாயிற்று. மண்வெட்டியை மைத்துனர் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.