துரித உணவுக் கடையின் கவர்ச்சியும் அங்கே வேலை செய்பவரின் நிலையும்: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

செங்கதிர் (கேள்வி)

துரித உணவுச் சங்கிலி நிறுவனங்களைப் பற்றிய பேச்சு எப்போதும் இரண்டாகப் பிரிந்தே நடக்கிறது. வண்ணம், விளம்பரம், குழந்தைகளுக்கான பொம்மை, காம்போ, செயலியில் வரும் தள்ளுபடி என்று அவை வாடிக்கையாளரை எப்படி இழுக்கின்றன என்பதை வணிகம் படிப்பவர்கள் ஆராய்கிறார்கள். குறைந்த கூலி, நிலையில்லாத ஷிப்ட், ஆள்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போவது ஆகியவற்றைத் தொழிற்சங்கத்தார் பேசுகிறார்கள். ஒரு தரப்பார் மற்றத் தரப்பாரின் கேள்வியைத் தொடுவதே இல்லை.

என் ஐயம் இதுதான். வாடிக்கையாளருக்குப் பிடித்த அம்சங்களே தொழிலாளியின் சுமைக்குக் காரணமா, அல்லது நிர்வாகம் மனம் வைத்தால் முன்னதைக் கெடுக்காமல் பின்னதைத் திருத்த முடியுமா? உள்ளே வேலை செய்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பழஞ்சுவடி

செங்கதிர் அவர்களுக்கு, இரண்டும் ஒரே ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து. மெக்டொனால்டு சகோதரர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் நடத்திவந்த கடை நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தபோதே, 1948இல் அதைச் சில மாதங்கள் மூடிவிட்டு முற்றிலும் வேறு விதமாகத் திறந்தார்கள். கார்களுக்கே உணவைக் கொண்டுபோய்க் கொடுத்த பணியாளர்களை நிறுத்தினார்கள். உணவுப் பட்டியலை ஒன்பது பொருள்களாகச் சுருக்கினார்கள். தட்டும் கரண்டியும் போய்க் காகித உறை வந்தது. பின்னர் சமையலறையின் அமைப்பை முடிவு செய்ய ஒரு டென்னிஸ் ஆடுகளத்தில் சுண்ணக்கட்டியால் வரைபடம் இட்டு, ஊழியர்களை அதற்குள் நடமாடச் செய்து, எங்கே வீணாக நடக்கிறார்கள், எங்கே ஒருவரோடொருவர் மோதிக்கொள்கிறார்கள் என்று கவனித்து அழித்து அழித்து வரைந்தார்கள். ஒருவர் இறைச்சியை வாட்டுவார், ஒருவர் ரொட்டியில் வைத்துச் சுற்றுவார், இன்னொருவர் வறுவலை மட்டும் பார்த்துக்கொள்வார்.

வாடிக்கையாளருக்கு இதனால் வேகமும் மலிவும் கிடைத்தன. தொழிலாளியைப் பொறுத்தவரையில், சமையல் என்ற முழுத் தொழில் சில நாள்களில் பழகிக்கொள்ளக்கூடிய துண்டு வேலையாக மாறியது. அப்படிப்பட்ட வேலையைச் செய்பவர் போனால் அந்த இடத்தில் வேறொருவரைச் சில நாள்களில் நிறுத்திவிட முடியும் என்பதால், கூலிக்காகப் பேரம் பேசும் வலிமை அவரிடமிருந்து அன்றே போய்விட்டது.

எங்கே போனாலும் அதே சுவை என்பதும் இப்படித்தான். பழக்கமில்லாத ஊரில் பசியோடு அலைபவருக்கு அது பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரேமாதிரித் தன்மையைக் காப்பாற்றுவதற்காக வறுக்கும் நேரத்தை இயந்திரத்தின் மணி முடிவு செய்கிறது. பேச வேண்டிய சொற்களும் முன்பே எழுதிக் கொடுக்கப்படுகின்றன. பெரிய அளவாகத் தரட்டுமா, கூடவே வறுவல் வேண்டுமா என்று கல்லாவில் இருப்பவர் கேட்பதை உபசாரம் என்று எண்ணிக்கொள்கிறோம். விற்பனையைக் கூட்டுவதற்காக அவருக்குக் கற்பிக்கப்பட்ட வாசகம் அது. சிரிப்பும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததே.

பொம்மையின் கதை சற்று வேறு. அமெரிக்காவில் 1979 முதல் குழந்தைகளுக்கான பெட்டி உணவோடு பொம்மை தரும் வழக்கத்தை மெக்டொனால்டு பரப்பியது. சத்துக் குறைந்த உணவோடு இலவசப் பொம்மை தரக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் 2010இல் விதி கொண்டுவந்தபோது, பொம்மைக்குத் தனியாகப் பத்து சென்ட் வாங்கிக்கொண்டு நிறுவனம் அந்த விதியைத் தாண்டிச் சென்றது. வாடிக்கையாளரைப் பிடித்து வைப்பதில் காட்டப்படும் இந்தச் சாமர்த்தியத்தில் ஒரு பங்காவது ஷிப்ட் அட்டவணை போடுவதில் காட்டப்பட்டிருக்கலாம்.

இரவுப்பணி

நான் ஒரு சங்கிலி நிறுவனத்தின் கிளையில் ஷிப்ட் மேலாளராக இருந்தவன். பெயர் இங்கே தேவையில்லை, ஏனெனில் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் நடைமுறை ஒன்றே.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத இரண்டு எண்கள் உள்ளே ஆட்சி செய்கின்றன. ஒன்று, வாகனத்திலிருந்து இறங்காமலே உணவு வாங்கும் டிரைவ்-த்ரூ சாளரத்தில் ஒவ்வொரு வாகனமும் எத்தனை விநாடி நின்றது என்பது. தரையில் பதித்த உணர்கருவி அதைக் கணக்கிட, சமையலறைத் திரையில் எண் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். உணவு தயாராகாதபோது, "சற்று முன்னால் போய் நிறுத்திக்கொள்ளுங்கள், கொண்டுவந்து தருகிறோம்" என்று ஊழியர் சொல்வதைப் பலர் கேட்டிருப்பீர்கள். வாகனம் உணர்கருவியைத் தாண்டியதும் கணக்கு நின்றுவிடும் என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரம் அதனால் குறைவதில்லை. ஏற்கெனவே ஆள் போதாத இடத்திலிருந்து ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

மற்றொன்று, ஒவ்வொரு மணி நேர விற்பனையிலும் கூலிச் செலவு எத்தனை சதவீதம் என்பது. அந்தச் சதவீதம் கூடினால், ஷிப்ட் முடியுமுன்பே யாரையாவது வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து அழைப்பு வரும். எட்டு மணி நேரக் கூலியை நம்பிப் பேருந்து ஏறி வந்தவரை ஐந்தாவது மணியில் போகச் சொல்வதுதான் அந்தப் பதவியில் எனக்கு மிகவும் கசப்பான வேலையாக இருந்தது.

மேலிடம் ஏன் இவ்வளவு நெருக்குகிறது என்பதை அறிய, நிறுவனத்தின் பெயருக்கு உரிமம் பெற்று வேறொருவர் கிளையை நடத்தும் பிரான்சைஸ் முறையைப் பார்க்க வேண்டும். உலகெங்கும் உள்ள மெக்டொனால்டு கிளைகளில் சுமார் 95 சதவீதம் தனி முதலாளிகளால் நடத்தப்படுபவை. அவர்கள் தாய் நிறுவனத்துக்குத் தரும் உரிமத் தொகையும், வாடகையில் பெரும்பகுதியும் விற்பனையின் மீது கணக்கிடப்படுகின்றன. கிளையின் இலாபம் எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. ஆகவே, கவர்ச்சியான தள்ளுபடி ஒன்று அறிவிக்கப்பட்டுக் கூட்டம் பெருகும்போது தாய் நிறுவனத்தின் பங்கு கூடுகிறது. கிளை முதலாளிக்கோ விற்கும் ஒவ்வொரு பொருளிலும் மிஞ்சுவது குறைகிறது. மூலப்பொருளை அங்கீகரிக்கப்பட்ட வழங்குநரிடமே வாங்க வேண்டும், இயந்திரங்கள் இன்னவை என்று விதிக்கப்பட்டிருக்கும், வாடகை ஒப்பந்தத்தில் கட்டுண்டது. எல்லாவற்றையும் கழித்த பிறகு அவர் கை வைக்கக்கூடியதாக எஞ்சுவது கூலி ஒன்றே. நீங்கள் கேட்ட தொடர்பு இந்த இடத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது: சுவரொட்டியில் இருக்கும் சலுகைக்கான செலவை, அன்று ஆள் குறைவாகப் போடப்பட்ட ஷிப்ட் ஏற்றுக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் எல்லாக் கிளைகளும் ஒரே நிறுவனம். கூலி பாக்கிக்காக ஊழியர் வழக்குப் போட்டால், ஒவ்வொரு கிளையும் தனி முதலாளியுடையது என்பது பதில். ஆனால் ஒரு கிளையில் வேலை செய்பவரை அதே பெயர் கொண்ட வேறு கிளை முதலாளி சேர்த்துக்கொள்ளக் கூடாது என்ற விதி பல பிரான்சைஸ் ஒப்பந்தங்களில் இருந்தது. அங்கே மட்டும் மீண்டும் எல்லாரும் ஒரே நிறுவனமாகிவிடுகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிட்ட பிறகு 2018இல் மெக்டொனால்டு உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் இந்த விதியைக் கைவிட ஒப்புக்கொண்டன.

தராசு

மேலே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். முன் அனுபவமும் சிபாரிசும் கேட்காமல் ஒருவரை வேலைக்கு எடுக்கும் இடங்கள் அதிகம் இல்லை. படித்துக்கொண்டே சம்பாதிக்க விரும்பும் இளைஞருக்கு முதல் வேலையாக இது அமைகிறது. நேரம் தவறாமை, கைச்சுத்தம், கணக்கு, கோபமாக வருபவரைச் சமாளிப்பது எல்லாம் அங்கே பழக்கமாகின்றன. கல்லாவில் தொடங்கி நிறுவனத்தின் உயர்பதவிக்குச் சென்றவர்களும் உண்டு. மேலும், மலிவான சிறு உணவகங்கள் பலவற்றில் எழுத்து வடிவிலான ஒப்பந்தமோ, பாதுகாப்புக் கையுறையோகூடக் கிடையாது. விமர்சனம் முழுவதையும் பெரிய பெயர்களின் மேல் மட்டும் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. கூலியை உயர்த்தினால் விலை ஏறும், அப்போது முதலில் விலகிப் போவது வசதி குறைந்த வாடிக்கையாளரே.

பழஞ்சுவடி

தராசு அவர்கள் சிறு உணவகங்களைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "முதல் வேலை" என்ற வாதம் பாதி உண்மைதான். அமெரிக்கத் துரித உணவுத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் பதின்ம வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பலர் குழந்தைகளை வளர்ப்பவர்கள். நிறுவனங்களுக்கும் இது தெரியாததன்று. மெக்டொனால்டு 2013இல் தன் ஊழியர்களுக்காக வெளியிட்ட மாதிரிக் குடும்பப் பட்ஜெட்டில் இரண்டாவது வேலையின் வருமானத்துக்கென்று தனி இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு வேலையின் கூலி போதாது என்பதற்கு அதைவிட வெளிப்படையான வாக்குமூலத்தை எந்தத் தொழிற்சங்கமும் எழுதியிருக்க முடியாது.

விலை ஏறும் என்ற அச்சத்துக்கு டென்மார்க்கின் அனுபவத்தைப் பார்க்கலாம். 1981இல் அங்கே நுழைந்த மெக்டொனால்டு, உணவகத் தொழிலாளர்களுக்காகத் தொழிற்சங்கத்தோடு செய்யப்படும் கூட்டு ஒப்பந்தத்தை ஏற்காமலே சில ஆண்டுகள் நடத்தியது. 1980களின் இறுதியில் பிற தொழிற்சங்கங்கள் ஆதரவு வேலைநிறுத்தத்தில் இறங்கின. துறைமுகத் தொழிலாளர்கள் அந்த நிறுவனத்தின் சரக்கை இறக்க மறுத்தார்கள், அச்சுத் தொழிலாளர்கள் அதன் அச்சு வேலைகளைத் தொட மறுத்தார்கள், கட்டுமானத் தொழிலாளர்கள் அதன் கட்டடங்களில் வேலை செய்ய மறுத்தார்கள். 1989இல் நிறுவனம் ஒப்பந்தத்துக்கு இணங்கியது. அதே பட்டியல், அதே இயந்திரம், அதே விளம்பரத்துடன் அங்கே கடைகள் இன்றுவரை நடக்கின்றன. கூலி மட்டும் அமெரிக்கக் கூலியைவிட வெகு அதிகம். ஆகவே செங்கதிர் அவர்களின் கேள்விக்கு என் முதல் பதிலைச் சற்றுத் திருத்திச் சொல்வேன்: வேலையைத் துண்டாக்கியதும் வேகத்தின் நெருக்கடியும் கவர்ச்சியோடு பிறந்தவை, எளிதில் பிரிக்க முடியாதவை, கூலியும் ஷிப்ட் ஒழுங்கும் அப்படிப்பட்டவை அல்ல, பேரம் பேசும் வலிமையால் மாறக்கூடியவை. நியூயார்க்கில் 2012 நவம்பரில் சுமார் 200 துரித உணவு ஊழியர்கள் கூலி உயர்வு கேட்டு வெளிநடப்புச் செய்தபோது அது கேலிக்கு உள்ளானது. 2024 ஏப்ரல் முதல் கலிபோர்னியாவில் பெரிய சங்கிலி நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி சட்டமானது.

செங்கதிர்

அனைவருக்கும் நன்றி. இரவுப்பணி அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கலாமா? தொடுதிரையும் வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகளும் வந்த பிறகு உள்ளே சுமை குறைந்திருக்கிறதா?

இரவுப்பணி

என் காலத்திலேயே தொடுதிரை வந்துவிட்டது. கல்லாவில் வரிசை நீளமாக இருந்தால் புதிதாக வருபவர் சிலர் திரும்பிப் போய்விடுவார்கள். சமையலறைக்கு அது ஒரு இயல்பான தடுப்பாக இருந்தது. தொடுதிரையில் ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆர்டர் தரலாம். செயலியில் தருபவர்களுக்கு வரிசையே கண்ணில் படாது. மேலும் திரை ஒவ்வொரு முறையும் சலிக்காமல் "இதையும் சேர்க்கலாமா" என்று கேட்பதால் ஆர்டர்களின் அளவும் கூடியது. கல்லாவில் இருந்தவர்கள் பைகளைப் பிரித்து எடுத்துக் கொடுப்பதற்கும் திரை புரியாமல் நிற்பவர்களுக்கு உதவுவதற்கும் மாற்றப்பட்டார்கள். வறுக்கும் இடத்தில் ஆள் எண்ணிக்கை கூடவில்லை. கடைக்குள் பத்துப் பேர்கூட இல்லாத இரவுகளில் சமையலறைத் திரை நிரம்பி வழியும். ஆள் குறைவாக வைத்திருப்பதால் தாமதமாகிறது என்று உள்ளே நிற்கும் வாடிக்கையாளருக்குப் புரிய வைப்பதும் கடினம், ஏனெனில் அவர் பார்க்கும் இடமெல்லாம் காலியாகவே இருக்கும்.