‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ — வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கான அறிவியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர்கள் இருப்பது தெரியவந்தால் அரசுகள் என்ன செய்யும் என்று ஓர் இயல். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அவர்களோடு மனிதர் முதன்முதலில் தொடர்புறுவதை ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ என்கிறார்கள். அதற்கு ‘முதல் தொடர்பு’ என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. கொரோனாவுக்குப் பிறகு ‘தொடர்பு’ என்றால் தொற்றுப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை:
‘எதிர்கோடல்’ என்று எழுதுங்கள் அம்மா, எதிர்கொள்ளல் என்பதுதான் பொருள். ஊர் எல்லைவரை போய் உறவினரை அழைத்துவருவதும் எதிர்கொள்ளல். பகைவனின் படையை மறிப்பதும் எதிர்கொள்ளல். வருபவர் யாரென்றே தெரியாதபோது இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? வருபவர் ‘விருந்தினர்’. விருந்து என்றால் புதுமை. ‘விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே’ என்பது தொல்காப்பியம். ‘வேற்றுக்கிரகவாசி’ வேண்டவே வேண்டாம். பட்டினப்பாலையிலேயே ‘கோள்மீன்’ இருக்க, கிரகம் எதற்கு?

இயற்பியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:
ஐயா, கொள் என்பது நீண்டு கோள் ஆனதுபோல, கிரகமும் பற்றுதல் என்ற பொருளுடைய வேரில் பிறந்ததுதான். அந்தச் சண்டை இப்போது வேண்டாம். எந்த நிகழ்ச்சிக்குச் சொல் தேடுகிறோம்? 1989 இல் பன்னாட்டு விண்வெளியியல் கழகம் வகுத்த கோட்பாடுகள், வேற்றுலகிலிருந்து ரேடியோ சைகை (சிக்னல்) போன்ற சான்று கிடைத்தால் செய்யவேண்டியதைப் பற்றியவை. கண்டவர் முதலில் சரிபார்க்க வேண்டும். மற்ற வானியலாளருக்கும் ஐ.நா. பொதுச்செயலாளருக்கும் அறிவிக்க வேண்டும். பன்னாட்டுக் கலந்தாய்வு இல்லாமல் மறுமொழி அனுப்பக் கூடாது. எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத நெறிகள் இவை. இங்கே யாரும் வரவில்லையே, யாரை எதிர்கொள்வது?

நேரில் தொடுவது வேறு. நிலவிலிருந்து 1969 இல் திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தினார்கள். வரவேற்கக் கப்பலுக்கே வந்த குடியரசுத் தலைவர் நிக்சன், அடைத்த கூண்டு வண்டியின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். வேற்றுலகப் பொருளைத் தொட்டவரைத் தனிமைப்படுத்த நாசாவுக்கு அதிகாரம் தந்த விதி 1991 இல் நீக்கப்பட்டது. சைகைக்கும் தொடுகைக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் குழம்புவார்.

தமிழாசிரியர், மதுரை:
நீங்கள் சொன்னதே எனக்குச் சான்று. வரவேற்க வந்தவரும் அவரே, விலகி நின்றவரும் அவரே. அதுதான் எதிர்கோடல்!

வானியல் ஆர்வலர், கோலாலம்பூர்:
‘தூது’ என்று மட்டும் இயலில் எழுதிவிடாதீர்கள். எங்கள் நாட்டு வானியலாளர் மஸ்லான் ஒத்மான் ஐ.நா. விண்வெளி அலுவலகத்தின் இயக்குநராக இருந்தபோது, வேற்றுலகத்தாருக்குப் பூமியின் தூதராகிறார் என்று 2010 இல் பத்திரிகைகள் எழுதின. அவர் மறுத்தார். அப்படியொரு பதவியே கிடையாது. வேற்றுலக உயிர்கள், பறக்கும் தட்டுகள் பற்றிய பேச்சை ஐ.நா.வில் விடாமல் எழுப்பியவர், கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் அன்றைய பிரதமர் எரிக் கெய்ரி. இவை பற்றிய ஆய்வுகளை ஒருங்கிணைக்குமாறு உறுப்பு நாடுகளை அழைக்கும் முடிவொன்றைப் பொதுச்சபை 1978 இல் எடுத்தது. சில மாதங்களில், கெய்ரி வெளிநாட்டில் இருந்தபோதே அவருடைய ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள்.

ஆசிரியை, திருச்சி:
கெய்ரியைத் தனி இழையில் பேசலாமே. என் மாணவர்கள் ‘ஏலியன்’ என்கிறார்கள்; ‘வேற்றுக்கிரகவாசி’ என்றாலும் உடனே புரிந்துகொள்கிறார்கள். ‘விருந்தினர்’ என்றால் கல்யாண வீடு என்றுதான் நினைப்பார்கள். தேர்வில் அவர்கள் எழுதவேண்டிய சொல் இது. நம் புலமைக்காக அவர்களை வதைக்காதீர்கள்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:
முழுக்க உடன்படுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் உங்களுக்கு மின்னணுவியல், இலங்கையில் எங்களுக்கு இலத்திரனியல். இரு கரைக்கும் பொதுவாகப் புழங்கும் சொல்லை இதிலும் உடைக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
நன்றி. சைகை கிடைப்பது ‘கண்டறிவு’. செய்தி போய்வருவது ‘முதல் தொடர்பு’. நேரில் வந்தால் ‘வருகை’. உயிருக்கு ‘வேற்றுக்கோள்வாசி’ என்று பாதி வழியில் நிற்கிறேன். மூவர் சரி என்றுவிட்டார்கள், இரவே அனுப்பவேண்டும்.

தமிழாசிரியர், மதுரை:
அனுப்புங்கள் அம்மா, தடுக்கமாட்டேன். ஆனால் ‘வருகை’ வருபவர் செய்வது. உங்கள் இயலோ அரசு செய்வதைப் பற்றியது. அதற்கு உங்கள் பட்டியலில் இன்னும் சொல் இல்லை. அடுத்த பதிப்புக்குள் மறுபடியும் எழுதுவேன்.