கை தவறியது, வாய் தவறியது, சரி... அப்புறம்?

போன வாரம் நண்பன் வீட்டில் ஒரு கண்ணாடிக் கோப்பையை உடைத்துவிட்டேன். "ஐயோ, கை தவறிடுச்சு" என்றேன். அப்புறம்தான் யோசித்தேன், இந்த விஷயத்தில் நம் மொழிக்கு இரக்கம் அதிகம். கை தவறுகிறது, கால் இடறுகிறது, நாக்கு பிறழ்கிறது; பழி எல்லாம் உறுப்பின் மேல், நான் என்னவோ பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் மாதிரி. ஆனால் பழகும் விதத்தில் சொதப்பினால் மாட்டிவிட எந்த உறுப்பும் கிடைப்பதில்லை. 'நாசூக்கு தெரியாதவன்' என்று முழு ஆளையே சொல்லிவிடுவார்கள்.

என் கதை இது. உடன் வேலை செய்பவரின் அப்பா இறந்துவிட்டார். போகும் வழியெல்லாம் ஒரே ஆறுதல் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அவரேதான். என் வாயிலிருந்து வந்ததோ, "எப்படி இருக்கீங்க, பார்த்து ரொம்ப நாளாச்சு, ரொம்ப சந்தோஷம்." அவர் என் கையைப் பிடித்தபடி இரண்டு வினாடி அப்படியே நின்றார். அதைச் சரிசெய்யப் போய் இன்னும் உளறிக் கொட்டிக் கிளறி மூடினேன். வாய் குளறியது என்று தப்பிக்கவும் வழியில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத்தான் வந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

உங்களுக்காவது ஒரு நாள், என் மகனுக்குத் தினமும். எட்டு வயதிலும் சட்டைப் பொத்தான் போட வராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்: வலது கை பொத்தானைத் துளையின் விளிம்புவரை கொண்டுவரும், சரியாக அந்த நேரம் பார்த்து இடது கை துணியை விட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. வழியில் எதையாவது தட்டிவிட்டால் "கண் என்ன பிடரியிலா இருக்கு" என்று நானே கத்தியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. பிறகுதான் மருத்துவர் டிஸ்பிராக்சியா என்றார். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இருக்கலாமாம். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சோம்பலும் கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும், அதை அசைவுகளாகக் கோத்துக் கைக்கு அனுப்பும் இடத்தில்தான் சிக்கல். ஆக, எங்கள் வீட்டில் 'கை தவறியது' என்பதுகூடக் கைக்குச் செய்யும் அநியாயம்தான்.

*

கதவு நிலையில் தோள் இடிக்காமல் நான் ஒரு அறைக்குள் போனதாக நினைவில்லை. பதின்ம வயதில் மளமளவென்று வளர்ந்தபோது ஆரம்பித்தது இது. கைகால் நீளும் வேகத்துக்கு மூளையிடம் இருக்கும் உடல் கணக்கு ஈடுகொடுக்காதாம். கூட வளர்ந்தவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் பழைய அளவே ஓடுகிறது போல.

*

துக்க வீட்டுக்குப் போனவருக்கு ஒரு வார்த்தை. மாடிப்படி இறங்கும்போது அடுத்து எந்தக் கால், எவ்வளவு மடக்கணும் என்று யோசித்துப் பாருங்கள் (கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு!). பழகிப்போன அசைவைப் பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே உடம்பு நடத்திக்கொள்கிறது, நாம் போய் ஒவ்வொரு அடிக்கும் மேற்பார்வை செய்ய ஆரம்பித்தால் தடுமாறுகிறது. பேச்சிலும் எனக்கு அப்படித்தான் ஆகிறது. உங்களுக்கும் கவனம் கூடிப்போனதுதான் வினை என்று நினைக்கிறேன். அக்கறை இல்லாத ஆள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்க மாட்டார். அவரிடம் பிறகு பேசினீர்களா?

*

பேசினேன். அவருக்கு அந்த நாளில் யார் என்ன சொன்னார்கள் என்றே ஞாபகம் இல்லையாம். எனக்குத்தான் எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம், நேற்று மறுபடி அந்தக் கோப்பை நண்பன் வீட்டுக்குப் போனேன். எல்லோருக்கும் கண்ணாடிக் கோப்பை, எனக்கு மட்டும் பிளாஸ்டிக். ஒன்றும் சொல்லாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனான். அது நாசூக்கா, நாசூக்கு தெரியாததா என்று இன்னும் பிடிபடவில்லை.