மரமா, மோட்டாரா? ஊர்ப்பக்கம் கரண்ட் போவதற்கு எது காரணம்?

வாடிப்பட்டி தோப்புக்காரன்:
போன வாரம் சாயங்காலம் காற்று கிளம்பிய பத்தாவது நிமிடம் போன கரண்ட், மறுநாள் மத்தியானம்தான் வந்தது. தென்னை மட்டை 11 கேவி உயர் அழுத்தக் கம்பியில் விழுந்து இரண்டு கம்பி சேர்ந்தால் சப்ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்து லைனே நின்றுவிடும், அப்புறம் கம்பம் கம்பமாக நடந்து பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும், ராத்திரி தோப்புக்குள் அதை யார் தேடுவது? மழைக்கு முன்னாலேயே கிளை வெட்ட வேண்டியவர்கள் வெட்டவில்லை. வேறு காரணமே தேட வேண்டாம்.

உசிலம்பட்டி போர்வெல்:
ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. எங்கள் பக்கம் லைன் போகிற வழியில் மரமே கிடையாது, மானாவாரிக் காடு. ஆனாலும் சித்திரை, வைகாசியில் அடிக்கடி பீஸ் போகிறது. காரணம் நாம்தான். 5 ஹெச்பிக்கு சர்வீஸ் வாங்கினோம், தண்ணீர் கீழே போகப் போக 7.5 ஹெச்பி இறக்கினோம், யாரும் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. 63 கேவிஏ திறன் உள்ள டிரான்ஸ்பார்மரில் 5 ஹெச்பி மோட்டார் பத்துப் பன்னிரண்டு ஒன்றாக ஓடினாலே அது நிறைந்துவிடும், அத்தனையும் 7.5 ஆனால் ஒன்றரை மடங்கு லோடு. பீஸ் போனால் தடிமனான கம்பியைச் சுற்றுகிறோம். பீஸ் தாங்கிவிடும், டிரான்ஸ்பார்மர் உள்ளே கம்பிச்சுருள், அதுதான் காயில், எரிந்துவிடும். பீஸ் போட அரை மணி நேரம், டிரான்ஸ்பார்மர் மாற்ற எத்தனை நாள்?

மேலூர் நஞ்சை:
விவசாயி தலையில் கட்டுவது எளிது தம்பி. நான் லோடு கூட்ட எழுதிக் கொடுத்து அலைந்தவன், பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு நாங்கள் ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்டோம், இன்னும் அதே பழையதுதான் நிற்கிறது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் இன்னும் அதிகமாக ஆம்பியர் இழுக்கும், கருகுவது எங்கள் காயிலும்தான்.

வயர்மேன் மகன்:
இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் வேறு வேறு கோளாறு. காற்றோடு ஊர் முழுக்கப் போனால் பெரும்பாலும் 11 கேவி லைனில் மரம். எல்லாரும் மோட்டார் போடும் நேரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் போனால் லோடு. கோடை முழுக்கத் தூசி படிந்த, கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கானில் முதல் தூறல் விழும்போது கரண்ட் அதன் மேலேயே ஓடி லைன் நின்றுவிடும், அதற்கு மரமும் வேண்டாம் மோட்டாரும் வேண்டாம். அணில், மயில் கம்பியில் பட்டு லைன் போகிற கதை தனி. கரண்ட் போன நேரத்தை ஒரு மாதம் குறித்து வைத்து மின்வாரிய ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள், வெறும் கையோடு போகாதீர்கள்.

வாடிப்பட்டி தோப்புக்காரன்:
சரி, குறிக்கிறேன். உண்மையைச் சொன்னால், கம்பியை ஒட்டி நிற்கும் மூன்று தென்னை என்னுடையது. நானே ஆள் விட்டு மட்டையைக் கழித்துவிடவா?

வயர்மேன் மகன்:
வேண்டவே வேண்டாம் அண்ணே. பச்சை மட்டை கம்பியில் பட்டால் மரத்தில் இருக்கிற ஆள் வழியாகத்தான் கரண்ட் இறங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு லைனை நிறுத்துகிற நாளுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள், லைன்மேன் வந்து, கம்பத்தில் லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து, கம்பியை எர்த் செய்து, ஏறலாம் என்று அவர் வாயால் சொன்ன பிறகு ஆளை ஏற்றுங்கள்.