சியான் போனால் எதைப் பார்ப்பது? பழசையா, புதுசாகக் கட்டியதையா?

வழிப்போக்கன்:
போன மாதம் குடும்பத்தோடு சீனாவில் இருக்கும் சியான் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். மேற்கு ஹான், சுய், தாங் என்று பெரிய வம்சங்கள் உட்கார்ந்து ஆண்ட ஊர். பழைய பெயர் சாங்கான். ரொம்ப எதிர்பார்ப்போடு போனவன் என்பதால் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர் சிலைகளைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு ஏமாற்றம்தான்.

தாமிங் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 634இல் தொடங்கிக் கட்டியது. தாங் பேரரசர்கள் இருநூறு வருடத்துக்கு மேல் குடியிருந்த இடம். இன்றைக்கு அங்கே புல்வெளியும் மண்மேடுகளும்தான். தெற்கு வாசலில் தான்ஃபெங் வாயில் என்று ஐந்து வழிகளோடு மலை மாதிரி ஒரு கட்டடம். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தேன். பலகை ஓசை! 2010இல் பூங்கா திறந்தபோது வந்த கட்டடம். ராத்திரி பெரிய காட்டு வாத்து பகோடா என்ற பௌத்தக் கோபுரத்தின் பக்கம் போனால் கடைத்தெரு முழுக்க விளக்கு, வாடகைக்குத் தாங் காலத்து உடை. எல்லாம் புதுசு.

என் மகளுக்குப் பத்து வயது. "அப்பா, இதில் எது நிஜம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் போகிறவர்களுக்கு என் யோசனை: வீரர்களுக்கு ஒரு நாள், அவ்வளவுதான். மிச்ச நாளை வேறு ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி:
அண்ணா, வேலை விஷயமாக அங்கே இரண்டு வருடம் இருந்தவள் நான். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அதை வீரர்களிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1974 மார்ச்சில் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்தது முழு வீரர்களை இல்லை, துண்டுகளை. குழிகளின் மரக்கூரை எரிந்து விழுந்ததில் கிட்டத்தட்ட எல்லாச் சிலையும் நொறுங்கிக் கிடந்தது. முதல் குழியின் பின்பக்கம் வரை நடந்தீர்களா? அங்கே பாதி ஒட்டிய வீரர்கள் இடுப்பில் பட்டையோடு, தலை இல்லாமல், ஒவ்வொருவரும் ஓர் எண்ணோடு நிற்பார்கள். முன்வரிசையில் கம்பீரமாக நிற்கிறவர்களும் அப்படி நின்றவர்கள்தான். உடம்பில் பூசியிருந்த வண்ணமும் போய்விட்டது. மண்ணுக்குள் ஈரமாக இருக்கும்வரை நிற்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் அடியிலிருக்கும் அரக்குப் பூச்சு சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்துவிடும். இன்னும் பெரும்பகுதியைத் தோண்டாமல் விட்டிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டையே இதுவரை திறக்கவில்லை.

தான்ஃபெங் வாயில் பற்றி ஒன்று கேட்கிறேன். உள்ளே போனீர்களா? அந்தக் கட்டடம் ஒரு மூடி. 2005இல் அகழ்ந்தெடுத்த உண்மையான வாயிலின் மண் அடித்தளம் அதற்குள்ளேதான் இருக்கிறது. இடித்து இறுக்கிய மண்ணை வரிவரியாகப் பார்க்கலாம்.

கல்வெட்டுப்பித்தன்:
தேன்மொழி, வீரர்களையும் வாயிலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உடைந்த துண்டை அதன் ஜோடித் துண்டோடு சேர்ப்பது ஒரு வேலை. இல்லாத சுவரை ஊகித்து எழுப்புவது வேறு வேலை. அடித்தளம் நீளம் அகலத்தைச் சொல்லும். மேலே எத்தனை அடுக்கு, கூரை எந்த வளைவு என்று அது சொல்லாது. தாங் கட்டடங்கள் மரத்தால் ஆனவை. 904இல் படைத்தலைவர் சூ வென் தாங் பேரரசரை லோயாங்குக்குக் கட்டாயமாகக் கிளப்பிக்கொண்டு போனபோது சாங்கானின் கட்டடங்களைப் பிரித்து மரத்தை வெய் ஆற்றில் மிதக்கவிட்டு எடுத்துப் போனார்கள். அந்த இழப்பு உண்மை. வெறும் மேடாக நின்றால் பார்க்கிறவனுக்கு அது உறைக்கும். மேலே ஒரு வாயிலை நிறுத்திவிட்டால் இழப்பே நடக்காத மாதிரி ஆகிவிடுகிறது.

மூடிதான் வேண்டும் என்றால் எடுத்துக்காட்டு அதே ஊரில் இருக்கிறதே! முதல் குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். அதன்மேல் போட்டிருப்பது ரயில் நிலையம் மாதிரி வளைந்த ஒரு கொட்டகை. நான்தான் சின் அரண்மனை என்று அது யாரிடமும் சொல்லவில்லை. வெயிலும் மழையும் படாமல் காக்கிறது, அதோடு சரி. தாமிங்கில் ஏன் அப்படிச் செய்யவில்லை?

அந்தப் பூங்காவுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்ததையும் இங்கே பதிந்து வைக்கிறேன். மேட்டை வேடிக்கை பார்க்கும் நமக்கு அது தெரிய வேண்டும்.

தேன்மொழி:
கொட்டகை பற்றிச் சொன்னது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயிலை வடிவமைத்த சாங் ஜின்ச்சியு சிவப்புத் தூணும் பச்சை ஓடும் வைக்கவில்லை. தலை முதல் கால் வரை ஒரே மண் நிறம். பழசு என்று யாரும் தவறாக நினைக்கக் கூடாது என்றுதான் அந்த நிறம் என நான் எடுத்துக்கொள்கிறேன். வழிப்போக்கன் அண்ணா ஒரு தட்டிலேயே கண்டுபிடித்துவிட்டாரே.

இடம்பெயர்ந்தவர்கள் விஷயம் எனக்கும் வலிக்கும். ரயில் பாதைக்கு வடக்கே இருந்த அந்தப் பகுதி, ஹெனானிலிருந்து வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்கள் குடிசை போட்டு வளர்ந்தது. நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா அங்கே பிறந்தவர். ஒரு மாலை பூங்காவில் நடக்கும்போது ஒரு மரத்தடியில் நின்று, "எங்கள் குழாயடி இங்கேதான் இருந்தது" என்றார். அதைச் சொல்லும் பலகை அந்த இடத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிலத்தைச் சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முப்பது மாடிக் குடியிருப்புகள் எழும்பி, அஸ்திவாரத்தோடு அடித்தளமும் போயிருக்கும்.

சுமதி:
இரண்டு பேரும் அரண்மனை வாசலிலேயே நிற்கிறீர்களே! உள்ளே வாருங்கள், ஊர் பெரிசு. எனக்கு வயது 63, வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. மெதுவாகத்தான் பார்த்தோம். ஐந்து நாள் போதவில்லை.

பெரிய மசூதிக்குப் போங்கள். இப்போதுள்ள கட்டடங்களின் தொடக்கம் 1392, மிங் காலம். ஓட்டுக்கூரை, முற்றத்துக்குப் பின் முற்றம், மினாரா இருக்க வேண்டிய இடத்தில் எண்கோண மாடம். சீனக் கோவில் போலத் தெற்கு பார்க்காமல் எல்லாம் மேற்கே மெக்காவை நோக்கிப் போகிறது. ஆயிரம் வருடமாக அந்த ஊரில் யார் யார் வந்து தங்கினார்கள் என்று அங்கே புரிந்தது. வெளியே வந்து பக்கத்துத் தெருவில் பாவ்மோ சாப்பிட்டோம். வெறும் ரொட்டியைக் கையில் கொடுத்து நம்மையே பிய்க்கச் சொல்கிறார்கள். நான் பெரிசு பெரிசாகப் பிய்த்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைப் பெரியவர் மொச்சைக்கொட்டை அளவு பிய்த்துக் காட்டினார். பிறகு கிண்ணத்தை உள்ளே வாங்கிப்போய் ஆட்டுக்கறிச் சாற்றில் வேகவைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்து கல்வெட்டு வனம், பெய்லின். 1087இல் தொடங்கியது. 837இல் செதுக்கி முடித்த கன்பூசிய நூல்கள் 114 கற்களில் நிற்கின்றன. 781இல் நிறுத்திய கிறிஸ்தவக் கல்லும் அங்கே இருக்கிறது, சீன எழுத்தோடு சிரியாக் எழுத்தும். ஒருவர் ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, மைப்பொட்டலத்தால் தட்டிக்கொண்டே இருந்தார். டப், டப், டப். அந்தக் கூடம் முழுக்க மை வாசனை.

கல்வெட்டுப்பித்தன்:
அக்கா, அதுதான் மைப்படி! நம் ஊர்க் கல்வெட்டுக்காரர்கள் செய்வதும் அதே வேலைதான். எழுத்து வெள்ளையாக எழும்பி வரும்போது கிடைக்கும் சந்தோஷம் படி எடுத்தவனுக்குத்தான் தெரியும். நான் பழசு என்று சொல்வது இதைத்தான். செதுக்கியவன் உளி பட்ட கல்லே கண்முன் நிற்கிறது.

சுமதி:
தம்பி, பகோடாவை என்ன செய்வீர்கள்? யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்து போனவர். 645இல் 657 நூல்களோடு ஊர் திரும்பினார். அவற்றைப் பத்திரமாக வைக்க 652இல் எழுப்பிய கோபுரம் கொஞ்ச காலத்திலேயே சரிந்தது. 704இல் திரும்பக் கட்டினார்கள். பிறகும் பூகம்பத்தில் சேதம், பழுதுபார்ப்பு. இன்று 64 மீட்டர், ஏழு நிலை. நான் அதன் அடியில் நின்று காஞ்சியை நினைத்தேன். அது நகல் என்று என்னால் சொல்ல முடியாது.

கல்வெட்டுப்பித்தன்:
நானும் சொல்ல மாட்டேன். 704இல் கட்டியவர்களுக்குள் 652இன் கோபுரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அதே ஊர், அதே வழிபாடு, நடுவே அரை நூற்றாண்டு. தாமிங்கில் நடுவே ஆயிரத்து நூறு வருட வெறுமை. சின்ன வாத்து பகோடாவைப் பாருங்கள்: பதினைந்து நிலையில் மேல் இரண்டு பூகம்பத்தில் போயின. பதிமூன்றோடு அப்படியே விட்டிருக்கிறார்கள். உச்சி உடைந்த அந்தக் கோபுரம்தான் என்னைப் பொறுத்தவரை சியானிலேயே அழகானது.

வழிப்போக்கன்:
எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தேன். இரவுக் கடைத்தெரு பற்றி என் கருத்து மாறவில்லை. அந்த விளக்குக் கூட்டத்துக்குள் பகோடாவே சின்னதாகிவிடுகிறது. ஆனால் தேன்மொழி கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்: வாயிலுக்குள் நான் போகவில்லை. வெறும் கட்டடம் என்று திரும்பிவிட்டேன். இப்போது புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு கதவு, நாலைந்து பேர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை பெய்ஜிங் போகும் வழியில் இரண்டு நாள் கிடைக்கும். வாயிலுக்கு ஒரு காலை, பெய்லினுக்கு ஒரு முழு நாள் என்று நினைக்கிறேன். சரிவருமா?

தேன்மொழி:
தாராளமாக வரும் அண்ணா. பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும், டிக்கெட்டுக்குக் கேட்பார்கள். ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்தையும் சேர்ப்பதானால் பல நாள் முன்பே பதிவு செய்துவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் மாலையில் நகரச் சுவர்மேல் சைக்கிள் எடுத்து ஒரு சுற்று வாருங்கள். பதினாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செங்கல் பாவிய தரை என்பதால் கை அதிரும். மகளை முன்னால் ஓட்டவிடுங்கள்.