மறு: கிட்டார் பிக்கப்புக்குத் தமிழ்ச் சொல் – 'உயர்திறன்' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்தான் பிக்கப். அதற்கு 'ஒலியேற்பி', பலமான மின்னலை தரும் ஹை அவுட்புட் வகை என்றால் 'உயர்திறன் ஒலியேற்பி', மிதமாகத் தரும் மாடரேட் வகை என்றால் 'மிதத்திறன் ஒலியேற்பி' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏறப்போகிறது. ஏற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் 'ஒலி'. எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் காற்றில் வரும் ஒலியை நம்பி வேலை செய்வதில்லை. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செப்புக் கம்பிச்சுருள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். அதே கிட்டாரில் நைலான் தந்தி கட்டிப் பாருங்கள், ஊமையாகிவிடும். ஒலியை வாங்குவது மைக். அதற்கு 'ஒலிவாங்கி' ஏற்கெனவே இருக்கிறது. பிக்கப் வாங்குவது அதிர்வை. அதனால் 'அதிர்வாங்கி' என்கிறேன். வீணையில் ஒட்டுகிறார்களே, அந்தக் காண்டாக்ட் மைக்குக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

அடுத்தது 'திறன்'. எனக்கு உண்மையாகவே உறுத்துவது இதுதான். இயற்பியல் பாடநூலில் திறன் என்றால் வாட் கணக்கு. பிக்கப் தருவதோ சின்ன மின்னழுத்தம். பேச்சு வழக்கில் திறன் என்றால் கெட்டிக்காரத்தனம். 'உயர்திறன்' என்று அட்டையில் போட்டால், மற்றது மட்டம் என்றுதான் வாங்குகிறவருக்குத் தோன்றும்.

என் அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. காட்பாடியில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறான். பழைய பிக்கப்பில் கம்பி அறுந்துபோனதும், கடையில் சொன்னார்கள் என்று 16 கிலோ ஓம் ஹை அவுட்புட் ஒன்றை மாட்டினான். (ஓம் என்பது சுருளின் மின்தடை; அவுட்புட்டைக் கடையில் அதை வைத்துத்தான் கணிப்பார்கள்.) பீங்கான் காந்தம். ஞாயிற்றுக்கிழமை ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டினால் சுரங்கள் தனித்தனியாகக் கேட்கவில்லை, களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. வால்யூமைக் குறைத்தான், இருந்த பளிச்சும் போயிற்று. பிக்கப்பின் இரு பக்கத் திருகையும் தளர்த்தி, தந்தியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். பாதி சரியானது. அவன் வாசிக்கும் பாட்டுக்கு 8 கிலோ ஓம் அளவிலான மாடரேட் பிக்கப்தான் பொருத்தம். உடைந்து உறுமும் கனத்த ராக் ஒலி வேண்டும் என்றால் நானே ஹை அவுட்புட்டைச் சொல்வேன். 1972இல் டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப் வந்ததே ஆம்ப்ளிஃபயரை முட்டித் தள்ளி உறும வைக்கத்தான். இன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் அந்த உறுமலுக்குத் தனிக் குமிழே இருக்கிறது.

அறுந்த பிக்கப்பை ஆரணி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பம்ப்செட் மோட்டார்களுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கம்பியின் முனையை நகத்தால் தூக்கிப் பார்த்தார். "இது எத்தினி சுத்துப்பா?" ஒரு சுருளுக்கு ஐயாயிரம் இருக்கும் என்றேன். "இன்னும் மேல சுத்துனா சவுண்டு ஏறுமா?" ஏறும், ஆனால் கீச்சு குறையும் என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. சுற்று கூடினால் மின்தூண்டல் கூடும், ஒத்ததிர்வு உச்சம் (பிக்கப் மிகப் பலமாக ஒலிக்கும் அதிர்வெண்) கீழே இறங்கும், மேல்சுரம் மழுங்கும். இவ்வளவு மெல்லிய கம்பிக்குத் தன்னிடம் மிஷின் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீடு வரும் வழியெல்லாம் 'மிகுசுற்று' என்ற சொல்தான் மனத்தில் ஓடியது. ஹை அவுட்புட்டுக்கு இதே இழையில் ஒருவர் முன்பே சொன்ன சொல் அது. அழகான சொல், பட்டறைச் சொல். ஆனாலும் விட வேண்டியதாயிற்று. சுற்று கூடாமல் காந்தத்தை மட்டும் மாற்றினாலும் அவுட்புட் ஏறும். ஓம் கணக்கும் முழுசாக நம்பத்தக்கதல்ல; 42ஆம் கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 44ஆம் கேஜ் சுற்றினால், சுற்று அதே இருந்தாலும் மின்தடை எகிறும்.

அப்படியானால் அவுட்புட் என்று நாம் சொல்வது எதை? வெளியே வரும் அலை எவ்வளவு பெரியது என்பதை. அதற்குப் பாடநூலிலேயே 'வீச்சு' இருக்கிறது. ஹை அவுட்புட் 'பெருவீச்சு', மாடரேட் 'நடுவீச்சு'. பெரிது என்பது அளவு மட்டும். உயர்வு தாழ்வு அதில் ஒட்டாது. புள்ளியியலிலும் வீச்சு வருகிறதே என்று கேட்பீர்கள். கிட்டார் கடையில் அந்தக் குழப்பம் வராது. 'வெளியீடு' என்றால்தான் புத்தக வெளியீடு நினைவுக்கு வரும்.

இரைச்சலை அடக்கும் பிக்கப் வகையான ஹம்பக்கருக்கு 'இரட்டைச்சுருள்' என்று வந்ததை அப்படியே ஆதரிக்கிறேன். 1955இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பில், எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு சுருள்கள்தான் மின்கம்பி இரைச்சலை அடித்துவிடுகின்றன. அந்த இரைச்சல் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50.

பட்டியலுக்கு என் வரைவு:

நடுவீச்சு அதிர்வாங்கி – தந்தியின் அதிர்வை மிதமான மின்னழுத்தமாக மாற்றுவது. மேல்சுரம் தெளிவாக இருக்கும்.

பெருவீச்சு அதிர்வாங்கி – கூடுதல் சுற்றாலோ வலுத்த காந்தத்தாலோ பெரிய மின்னழுத்தம் தருவது. ஆம்ப்ளிஃபயரை எளிதில் உறும வைக்கும்.

திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து